கொன்சர்வேட்டிவ்: பழமைவாதமா, மரபுபேணலா?

2024 ஜூலையில் பிரித்தானியத் தேர்தல் முடிவு வந்த மறுநாள், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழே ஒரு பெரியவர் பேப்பரை மடித்தபடி கேட்டார்: "தம்பி, பழமைவாதக் கட்சி தோத்துப்போச்சாம். பழமைவாதி எண்டா ஆர், சாதி பாக்கிற ஆக்களோ?"

பதினான்கு வருடம் ஆண்ட கட்சி 121 ஆசனங்களோடு நின்றது பெரிய செய்திதான். எனக்கு அவருடைய கேள்விதான் மனதை விட்டுப் போகவில்லை. செய்தி மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன் நான். அவர் வாசித்ததில் பிழை இல்லை, எங்களைப் போன்றவர்கள் அவர் கையில் கொடுத்த சொல்லில்தான் பிழை. கொன்சர்வேட்டிவ் கட்சியைத்தான் நாங்கள் 'பழமைவாதக் கட்சி' என்று எழுதுகிறோம்.

கொன்சர்வேட்டிவ் என்பதன் வேர் இலத்தீன் 'கொன்சர்வாரே'. கெடாமல் காத்து வைத்தல் என்று பொருள். 'பழைய' என்ற கருத்து அந்த வேரில் எங்கும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அது அரசியலுக்குள் வந்தது. 1818இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோப்ரியான் தொடங்கிய சஞ்சிகைக்கு 'லெ கொன்சர்வத்தேர்' என்று பெயர். 1830களில் இங்கிலாந்தின் டோரிகள் என்ற அரசியல் அணியினர் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். டோரி என்பது எதிரிகள் வைத்த பட்டம், ஐரிஷ் மொழியில் ஒளிந்து திரிந்த கொள்ளையரைக் குறித்த சொல். கொன்சர்வேட்டிவ் அவர்களே விரும்பித் தேர்ந்த பெயர். 1834இல் அந்தக் கட்சியின் தலைவர் றொபர்ட் பீல் வெளியிட்ட டாம்வேர்த் அறிக்கை, இரண்டு வருடம் முன்பு கட்சி கடுமையாக எதிர்த்த வாக்குரிமைச் சீர்திருத்தத்தை முடிந்த விடயமாக ஏற்றது. உண்மையான குறை இருந்தால் திருத்துவோம் என்றும் சொன்னது.

இந்தச் சிந்தனைக்கு மூலவராகக் காட்டப்படும் பிரித்தானிய அரசியல்வாதி எட்மண்ட் பேர்க் 1797இலேயே இறந்துவிட்டார். அந்தப் பெயர் பிறந்ததே அவருக்குப் பிறகு. ஆனாலும் 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதியபோது, மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று எழுதிவைத்தார். இதைப் 'பழமைவாதம்' என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

அதோடு அந்த '-வாதம்' வேறு. இனவாதம், பயங்கரவாதம், பிரிவினைவாதம் என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்ட காது எங்களுடையது. இலங்கையில் ஒரு கொள்கைக்குப் பின்னால் வாதத்தை ஒட்டினாலே பாதிக் குற்றப்பத்திரிகை எழுதியாகிவிட்டது. வரியைக் குறை, அரசு எல்லாவற்றிலும் கை வைக்காதே, குடும்பமும் கோவிலும் பள்ளிவாசலும் தாங்குகிற பாரத்தைச் சட்டத்தால் தாங்க முடியாது என்று ஒருவர் எழுதுகிறார். அவரோடு உடன்படலாம், மறுக்கலாம். அவர் சொல்வதைக் கேட்கும் முன்பே 'பழமைவாதி' என்று நெற்றியில் ஒட்டுவது நியாயமில்லை.

சிலர் 'வலதுசாரி' என்று போட்டுக் கடந்துவிடுகிறார்கள். அது 1789இல் பிரெஞ்சுச் சபையில் யார் எந்தப் பக்கம் அமர்ந்தார்கள் என்பதிலிருந்து வந்த சொல். எங்கள் நாட்டிலேயே அது பொருந்தாது. வலதுசாரி என்று எல்லோரும் சொல்லும் ஐக்கிய தேசியக் கட்சிதான் 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, 1978இல் அரசியலமைப்பையே மாற்றி எழுதியது. இருந்ததைப் பேணிய வேலை என்று அதைச் சொல்ல முடியுமா?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? விடை எங்கள் கடற்கரையிலேயே இருக்கிறது. கரையோரம் பேணல் திணைக்களம் என்று ஒரு அரச நிறுவனம் உண்டு. அங்கே 'கொன்சர்வேஷன்' என்பதற்குப் பேணல் என்றே எழுதுகிறார்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் இறங்கிப் பார்த்தால் அதன் பொருள் புரியும். மண் ஒவ்வொரு பருவக்காற்றோடும் நகர்கிறது. கரை நிற்க வேண்டுமென்றால் கல் போட வேண்டும், அரித்த இடத்தைத் திரும்ப நிரப்ப வேண்டும். உடம்பைப் பேணுவதும் பிள்ளையைப் பேணுவதும் அப்படித்தானே.

எதைப் பேணுவது என்றால், மரபை. தொல்காப்பியத்தின் மரபியல் எந்த விலங்கின் குட்டியை எப்படி அழைப்பது என்று சொல்லும்போது மரபு என்பதற்குப் 'பழசு' என்ற பொருள் இல்லை. பல தலைமுறை ஒத்துக்கொண்டு வந்தது என்பதுதான் பொருள். நாங்கள் அன்றாடம் சொல்லும் 'வழமை'யும் அதன் பக்கத்து வீட்டுச் சொல். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வடக்கில் தன் பெயரில் உள்ள காணியை விற்க மணமான பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற விதி அதில் உண்டு. அந்த விதியை மாற்றுவோம், ஆனால் முழுச் சட்டத்தையும் தூக்கி எறிய வேண்டாம் என்கிறவர் மரபுபேணுபவர். ஒரு எழுத்திலும் கை வைக்காதே என்கிறவருக்குப் பழமைவாதி என்ற சொல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆகவே கொள்கைக்கு மரபுபேணல், ஆட்களுக்கு மரபுபேணுவோர். 'மரபுபேணி' என்று சுருக்க வேண்டாம், பேணி என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணி குடிக்கிற மூக்குப்பேணிதான் கண்ணில் வரும். லண்டன் கட்சியின் பெயரைப் பெயராகவே விட்டு, கொன்சர்வேட்டிவ் கட்சி என்று எழுதினால் போதும்.