பிரன்ச்: எந்த வேளைச் சாப்பாடு?

பிரேக்ஃபாஸ்ட்டின் தலையையும் லஞ்சின் வாலையும் ஒட்டிச் செய்த சொல் பிரன்ச். மோட்டாரும் ஹோட்டலும் சேர்ந்து மோட்டல் ஆனது இதே வழியில்தான். காலை உணவை விட்டுவிட்டு, மதியத்துக்கும் தனியாக உட்காராமல், இரண்டுக்கும் ஒன்றாகச் சுமார் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நிதானமாக உண்பது என்று பொருள்.

சொல் பிறந்தது இங்கிலாந்தில். 1895இல் ஹண்டர்ஸ் வீக்லி என்ற இதழில் கை பெரிங்கர் என்பவர் இதற்காக ஒரு கட்டுரையே எழுதினார். சனி இரவு கண்விழித்தவர்களை ஞாயிறு அதிகாலையில் எழுப்புவானேன், தேநீர், மார்மலேடு என்று மெல்லத் தொடங்கி கனமான பதார்த்தங்களுக்குப் போகலாமே என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே பன்ச் என்ற நகைச்சுவை இதழ் இதை ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பேச்சாகக் குறித்தது. காலைக்கு நெருக்கமாக உண்டால் பிரன்ச், மதியத்துக்கு நெருக்கமானால் பிளன்ச் என்று பிரிவு வேறு. பிளன்ச் பிழைக்கவில்லை.

பிரேக்ஃபாஸ்ட் என்றால் இரவு முழுக்க இருந்த பட்டினியை முறிப்பது. பிரெஞ்சுக்காரர்களின் தெஜூனே என்ற சொல்லின் லத்தீன் வேருக்கும் அதே பொருள்தான். ஆனால் அது காலப்போக்கில் நகர்ந்து மதிய உணவாகிவிட்டது. வேளைப் பெயர்கள் எங்கும் இப்படித்தான் இடம் மாறும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் காலை உணவுக்குச் சொல்லும் பசியாறுதல், கருத்தில் பிரேக்ஃபாஸ்ட்டுக்கு மிக அருகில் நிற்கிறது.

அமெரிக்காவில்தான் பிரன்ச் வார இறுதி வழக்கமாக வேரூன்றியது. நியூயார்க்கின் சின்னத் தெருமுனை உணவகங்களில் சனி, ஞாயிறு மட்டும் தனி மெனு அட்டை வரும். முட்டை, பான்கேக், பிரெஞ்சு டோஸ்ட், உருளைக்கிழங்கு வறுவல், பக்கத்தில் ஷாம்பெயினும் ஆரஞ்சுச் சாறும் கலந்த மிமோசா. ஞாயிறு நண்பகல் 12க்கு முன் அங்கே உணவகங்களில் மது ஊற்றக்கூடாது என்ற பழைய விதியை 2016இல் தளர்த்தி 10 மணி ஆக்கினார்கள். அந்தத் திருத்தத்துக்கே பிரன்ச் மசோதா என்று பெயர் விழுந்தது.

அட்டையில் எது இருந்தாலும் சமையற்கட்டின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது எக்ஸ் பெனடிக்ட். பாதியாக வெட்டிச் சுட்ட இங்கிலீஷ் மஃபின், மேலே பன்றி இறைச்சித் துண்டு, ஓடில்லாமல் வெந்நீரில் வேகவைத்த முட்டை, அதன் மேல் ஹாலண்டேஸ் சாஸ். முட்டை புதியதாக இருக்கவேண்டும். பழசானால் வெள்ளைக்கரு நீர்த்து இழை இழையாகப் பிரியும். உடைத்துச் சல்லடையில் வடித்துவிட்டு, கொதிக்காமல் லேசாகச் சலனப்படும் நீரில் 3 முதல் 4 நிமிடம் போதும். கூட்ட நேரத்துக்காக முன்கூட்டியே 3 நிமிடம் வேகவைத்து ஐஸ் நீரில் போட்டுவைத்து, ஆர்டர் வந்ததும் சூடான நீரில் ஒரு நிமிடம் விடுவது வழக்கம்.

சாஸுக்கு 3 மஞ்சள்கரு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உருக்கிய வெண்ணெய் 170 கிராம். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைக்கவேண்டும், அடி நீரைத் தொடக்கூடாது. சூடு 70 டிகிரி செல்சியஸை எட்டினால் கரு திரிந்து முட்டைப் பொரியலாகிவிடும். வெண்ணெயை அவசரமாக ஊற்றினாலும் எண்ணெய் தனியே நிற்கும். அப்படிப் பிரிந்துவிட்டால், வேறு கிண்ணத்தில் ஒரு புது மஞ்சள்கருவைக் கரண்டி நீரோடு அடித்து, பிரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் கூடிவரும். கரு திரிந்துவிட்டதென்றால் கொட்டத்தான் வேண்டும். வெதுவெதுப்பில் இருக்கும் கரு கிருமிக்குத் தோதானது, ஆகவே 2 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. கூட்டம் இல்லாத 2 மணிக்குப் போய் பெனடிக்ட் கேட்பவர்கள் சாஸ் எப்போது அடித்தது என்று விசாரிப்பது நல்லது.

இனி பிரன்ச்சுக்குத் தமிழ்ச் சொல். காலை-மதிய உணவு என்பது இரண்டு தனி வேளைகளாகவே காதில் விழும். காலை விருந்து என்றால் நேரமே பிசகு. அன்றாட வழக்குக்கு முற்பகல் உணவு பொருந்தும்; நட்சத்திர ஓட்டல்களின் ஞாயிறு பஃபேக்கு முற்பகல் விருந்து. 2 மணி வரை நடப்பது எப்படி முற்பகல் என்று கேட்கலாம், நியாயம்தான். பழைய சிறுபொழுதுக் கணக்கில் காலை 6 முதல் 10 வரை, நண்பகல் 10 முதல் 2 வரை. அதன்படி பார்த்தால் நண்பகல் உணவு என்பதே அச்சு அசலான பெயர். ஆனால் இன்று நண்பகல் என்றால் 12 மணி என்றுதான் எவரும் நினைப்பார்கள். எனவே முற்பகல் உணவு என்று போட்டு, கீழே நேரத்தையும் அச்சிடுவதே சரி. பத்து மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போகிற நம்மூர்ப் பழக்கத்தை இதோடு முடிச்சுப் போடவேண்டாம். அது அவசரத்துக்குச் சாப்பிடும் சாப்பாடு.

ஆங்கிலச் சொல்லையே எழுதுவதானால் பிரன்ச் என்று எழுதுங்கள். வல்லின மெய்யில் சொல் முடியக்கூடாது என்று உகரம் சேர்த்து, ஞகரமும் போட்டால் பிரஞ்சு ஆகிவிடும். பலர் பிரெஞ்சு மொழியையும் நாட்டையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதே அட்டையில் பிரஞ்சு டோஸ்ட்டும் இருந்தால், அது பிரான்ஸின் டோஸ்ட்டா, இந்த வேளைக்கான டோஸ்ட்டா என்று பரிமாறுபவர்தான் விளக்கவேண்டியிருக்கும்.