குண்டே இல்லாத துப்பாக்கி எப்படிச் சுடுகிறது?

1986-ல் ரோனி யூ இயக்கிய 'லெகஸி ஆஃப் ரேஜ்' என்ற ஹாங்காங் படத்தை நம்மில் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டோம். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ கதாநாயகனாக நடித்த முதல் படம். கூடப் பழகிய நண்பனே கொலைப்பழியைத் தலையில் கட்டிவிடும் தாதா கதை. அதைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "படப்பிடிப்பில் சுடுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா என்கிறார்களே, அப்புறம் எப்படி பிஸ்டலிலிருந்து தோட்டாவின் காலிக் கூடு தெறிக்கிறது, அடுத்த தோட்டா தானாக ஏறுகிறது?"

அருமையான கேள்வி. நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோருக்கும் தெரியும். 8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், அரைக் கிலோ எடையுள்ள ஸ்லைடும் (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) குழலும் நொடிக்கு 5 மீட்டருக்கு மேலான வேகத்தில் பின்னே வரும். அந்த ஓட்டத்தில்தான் காலிக் கூடு வெளியேறுகிறது, புதுத் தோட்டா ஏறுகிறது. குண்டை எடுத்துவிட்டால்? பின்னுக்குத் தள்ள ஆளில்லை என்பது பாதி விடைதான். குண்டு இன்னொரு வேலையும் செய்கிறது: குழலை அடைத்துக்கொண்டு நிற்கும் மூடி அது. தீபாவளி வெடியைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்தால் 'புஸ்'ஸென்று எரிந்து அடங்கும். சணல் இறுக்கிச் சுற்றியிருந்தால்தான் வெடிக்கும். குண்டில்லாத குழலிலும் வாயு இறுக வழியில்லாமல் சும்மா ஓடிவிடும்.

அதனால் சினிமா ஆயுதக்காரர்கள் குழலுக்குள் சிறு துளை மட்டும் உள்ள ஓர் அடைப்பைத் திருகிவைக்கிறார்கள். வாயு முட்டிமோதி அழுத்தம் ஏறுகிறது. போக்கிடம் போதாமல் கூட்டின் அடிப்பகுதியை உதைக்கிறது. கூடு ஸ்லைடைத் தள்ளுகிறது. பல பிஸ்டல்களில் குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டையும் அராவி எடுத்துவிடுவார்கள், இந்தச் சின்ன உதையே போதும் என்பதற்காக. ஒரு துளையின் அகலத்தைக் கொண்டு குண்டின் வேலையை வாங்குகிறார்களே, இதற்காகவே அந்தப் படங்களை இன்னொரு முறை பார்க்கலாம்.

ரிவால்வருக்கு இந்த வித்தை தேவையில்லை, தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் திருப்புவது விரலின் விசை. ஆகவே குழல் திறந்தே இருக்கும். ஆபத்தும் அங்கேதான். முன்னாலிருந்து படமெடுத்தால் உருளைக்குள் குண்டுகளின் முனை தெரியும் என்பதால், குளோசப்புக்கு மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களைப் போடுகிறார்கள். 1993 மார்ச்சில் அமெரிக்காவின் வில்மிங்டனில் நடந்த படப்பிடிப்பில், நிஜத் தோட்டாக்களின் மருந்தைக் கொட்டிவிட்டு டம்மி செய்திருந்தார்கள். மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் சின்ன வெடிமூடியான பிரைமரை எடுக்கவில்லை. பிரைமர் வெடித்த வேகத்தில் ஒரு குண்டு நகர்ந்து குழலில் சிக்கிக்கொண்டது. அதே ரிவால்வரில் பிறகு வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, மருந்தும் குண்டும் சேர்ந்து முழுத் தோட்டாவாகிவிட்டன. அந்தக் குண்டு பாய்ந்து பிராண்டன் லீ இறந்தபோது வயது 28.

அப்பாவும் 32 வயதில் போய்விட்டதால் 'குடும்ப சாபம்' என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. குழலுக்குள் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அந்தச் சாபம் தெரிந்திருக்கும்! முறையாகச் செய்த டம்மிக்குள் சிறு இரும்புக் குண்டுமணிகள் கிடக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். கலகலக்காததைத் துப்பாக்கியில் போடக்கூடாது.