தீவில் போட்ட துண்டு

2006 மார்ச் 27 அன்று, கரீபியன் கடலோரத் தீவு நாடான டிரினிடாட்-டொபேகோவில் 'ஐபோன்' என்ற பெயருக்கு ஒரு டிரேட்மார்க் விண்ணப்பம் போடப்பட்டது. அப்படியொரு போன் வரப்போவதை ஆப்பிள் உலகுக்குச் சொன்னது 2007 ஜனவரி 9-ல்தான். மொத்த மக்கள்தொகையே சுமார் 14 லட்சம் உள்ள நாட்டில் போய் முதலில் பெயர் பதிய வேண்டிய அவசியம் என்ன? நிச்சயமாக அங்கே நடக்கும் வியாபாரத்துக்காக அல்ல.

விடை, டிரேட்மார்க், காப்புரிமை போன்றவற்றுக்காக 1883-ல் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறது. டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. எல்லா நாட்டிலும் ஒரே நாளில் விண்ணப்பிக்க யாராலும் முடியாது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு சலுகை வைத்தார்கள். உறுப்பு நாடு ஒன்றில் முதலில் விண்ணப்பித்துவிட்டால், அடுத்த 6 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் போடும் விண்ணப்பத்துக்கும் அந்த முதல் தேதியே கணக்கு. இதற்கு 'முன்னுரிமைத் தேதி' என்று பெயர். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான்.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்காவில் போட்ட துண்டு எல்லார் கண்ணிலும் படும். அங்கே வரும் விண்ணப்பங்கள் சில நாட்களிலேயே இணையத்தில் தேடக் கிடைக்கும். நிருபர்களும் போட்டி நிறுவனங்களும் அதைத் தினமும் மேய்ந்துகொண்டே இருப்பார்கள். டிரினிடாடிலும், இன்னொரு கரீபியன் தீவு நாடான ஜமைக்காவிலும் அப்போது அந்த வசதி இல்லை. பெயரைத் தேட வேண்டுமானால் ஆளே நேரில் போக வேண்டும். தேதி சட்டப்படி செல்லும், தாள் மட்டும் யார் கண்ணிலும் படாது. கம்பெனிகளுக்கு வேண்டியது இந்த இடைவெளிதான்.

ஐபோன் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் அதே பெயருக்கு விண்ணப்பம் போன நாள் 2006 செப்டம்பர் 26. ஆறு மாதக் கெடு முடிய ஒரே ஒரு நாள் பாக்கி! இடையில், ஜூலையில் என்று வைத்துக்கொள்வோம், வேறொருவர் அதே பெயரை அமெரிக்காவில் கேட்டிருந்தாலும் வரிசையில் அவர் பின்னால்தான். விண்ணப்பத்தில் ஆப்பிள் என்ற பெயரும் கிடையாது. 'ஓஷன் டெலிகாம் சர்வீசஸ்' என்று யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி.

ஆனால் இந்த வித்தை பின்னால் வருபவர்களைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எழுப்பாது. 'ஐபோன்' பெயர் அமெரிக்காவில் அதற்கு முன்பே, கணினி நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியிடம் இருந்தது. 2000-ல் ஒரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே கிடைத்த பெயர் அது. ஆப்பிள் போனை அறிமுகப்படுத்திய மறுநாளே சிஸ்கோ வழக்குப் போட்டது. பிப்ரவரியில் இரண்டு கம்பெனிகளும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று சமரசம் ஆனார்கள். அங்கே தீவுத் தேதியால் ஒரு பயனும் இல்லை.

ரகசியமும் எப்போதும் முழுசாக நிற்பதில்லை. முன்னுரிமை கேட்பவர் எந்த நாட்டில், எந்தத் தேதியில் முதலில் விண்ணப்பித்தார் என்று எழுதித்தான் ஆக வேண்டும். பெயர் தெரியாத கம்பெனி, முதல் விண்ணப்பம் டிரினிடாடிலோ ஜமைக்காவிலோ என்று கண்டால், இந்தத் துறையைக் கவனிப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். 'ஐவாட்ச்' என்ற பெயர் 2012 டிசம்பரில் ஜமைக்காவில் போடப்பட்டது. 2013 ஜூனில் ஜப்பானில் விண்ணப்பித்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. கடைசியில் 2014-ல் அறிவித்த கடிகாரத்துக்கு வைத்த பெயரோ ஆப்பிள் வாட்ச்.

இது மோசடியா என்றால் இல்லை, என் பார்வையில். ஒப்பந்தம் கேட்பது தேதியை; அந்தத் தாள் இணையத்தில் ஏற வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்க உதவும் மாட்ரிட் முறையில் டிரினிடாட் 2021-லும் ஜமைக்கா 2022-லும் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்த வழியில் போனால் பெயர் சர்வதேசப் பதிவேட்டில் ஏறி வெளியாகிவிடும். ஆகவே ரகசியம் வேண்டுகிறவர்கள் உள்ளூர் அலுவலகத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.