சிறிய டீசல் கார் ஒரு கேரவனை இழுக்கும் விதம்

கோடை விடுமுறை தொடங்கியதும் தெற்கு ஜெர்மனியிலிருந்து ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் கார்டா ஏரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தன்னைவிட உயரமும் அகலமும் கூடிய வெள்ளைக் கேரவனை, அதாவது எஞ்சின் இல்லாத சக்கர வீட்டை, பின்னால் மாட்டிக்கொண்டு மலையேறும் சிறு கார்களை வரிசையாகக் காணலாம். இன்ஸ்புருக் நகரம் கடல் மட்டத்திலிருந்து 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிரென்னர் கணவாய் 1370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தை ஒரு சிறிய டீசல் கார் எப்படிச் சமாளிக்கிறது என்பதையும், இழுவைத் திறனைக் காட்டிலும் முக்கியமான வேறு சில விஷயங்களையும் கணக்கோடு பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, 1997-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் 90 குதிரைத்திறன் கொண்ட 1.9 லிட்டர் டர்போ டீசல் வகையை வைத்துக்கொள்வோம். ஆட்களும் பொருள்களும் ஏறிய கார் 1500 கிலோ, கேரவன் 1100 கிலோ, ஆக மொத்தம் 2600 கிலோ.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1900 சுற்றிலேயே தன் உச்ச முறுக்குவிசையான, அதாவது அச்சைச் சுழற்றும் வலுவான, 210 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. அதே காரின் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 3000 சுற்றைத் தாண்டிய பிறகும் 130 நியூட்டன் மீட்டரை எட்டுவதில்லை. டீசல் எஞ்சினின் பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்குவதால்தான் இந்த வலு கிடைக்கிறது என்று பலர் விளக்குவார்கள். அந்த விளக்கம் போதாது என்பதற்கு ஃபோக்ஸ்வாகனிடமே சான்று உண்டு. இதே 1896 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இதே 95.5 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட, டர்போ மட்டும் இல்லாத எஞ்சினை அந்நிறுவனம் இதே காரில் பொருத்தி விற்றது. அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 130 நியூட்டன் மீட்டர்தான். ஆக, வலுவின் பெரும்பங்கு டர்போ திணிக்கும் காற்றிலிருந்தே வருகிறது.

அப்படியானால் பெட்ரோல் எஞ்சினிலும் அதே அளவு காற்றைத் திணித்துவிடலாமே என்ற கேள்வி எழும். பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவை பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையையே சிலிண்டருக்குள் அழுத்துகின்றன. அழுத்தம் மிகுந்தால் அது தீப்பொறிக்கு முன்பே தாறுமாறாக வெடிக்கும். டீசல் எஞ்சினோ வெறும் காற்றை மட்டும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி, அதன் பிறகே எரிபொருளைப் பீய்ச்சுகிறது. எரிவதற்கு எதுவும் உள்ளே இல்லாத நேரத்தில் எவ்வளவு அழுத்தினாலும் முன்கூட்டி வெடிக்கும் அபாயம் இல்லை. ஆகவே குறைந்த சுற்றிலேயே நிறையக் காற்றைத் திணித்து, அதற்கேற்ற எரிபொருளை எரித்துவிட முடிகிறது. ஆனால் டர்போவைச் சுழற்றுவது புகைவாயு. 1500 சுற்றுக்குக் கீழே அந்த வாயு போதாமல் எஞ்சின் சோர்ந்துவிடும். கேரவன் பின்னால் இருக்கும்போது இந்தப் பள்ளத்துக்குள் விழாமல் முன்னதாகவே கியரைக் குறைப்பது, எஞ்சினைத் திணறவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதைவிட எல்லா வகையிலும் நல்லது.

இழுவையின் கடினமான கணம் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணமே. ஐரோப்பிய விதிகளின்படி, ஒரு கார் இழுக்கலாம் என்று அறிவிக்கப்படும் எடையோடு அது 12 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் சாலையில், ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். நம் 2600 கிலோவை அந்தச் சரிவில் கீழே இழுக்கும் விசை சுமார் 310 கிலோ எடைக்குச் சமம். டயர்களின் உருளும் தடையையும் சேர்த்தால் 345 கிலோவை நெருங்கும். முதல் கியர் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறக்குறைய 12 மடங்காகப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுப்பதால், எஞ்சின் தர வேண்டியது 90 நியூட்டன் மீட்டர் அளவுதான். எஞ்சினுக்கு அது பெரிய சுமையில்லை, கிளட்ச்சுக்குத்தான் சோதனை. சமதளத்தில் இந்த வண்டித்தொடரை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரும்போது கிளட்ச் தகட்டில் சுமார் 10 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஏற்றத்தில் மூன்று விநாடி கிளட்ச்சை நழுவவிட்டால் அது மூன்று மடங்காகிவிடும். ஐந்து முறை அப்படிக் கிளம்பியபின் காருக்குள் பரவும் கருகல் வாடை அந்த வெப்பத்தின் அடையாளமே.

டீசல் எஞ்சின் உதவ முடியாத இடம் ஒன்றும் உண்டு. கேரவனின் மூக்கு காரின் பின்னால் துருத்தி நிற்கும் எஃகுக் குமிழின் மேல் அமர்கிறது. பின்சக்கரங்களுக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் பின்னால் 75 கிலோ எடை அழுத்தும்போது, நெம்புகோல் போல முன்சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் சுமார் 27 கிலோ குறைந்துவிடும். கோல்ஃப் முன்சக்கரங்களால் ஓடும் கார். சாலையில் இது பொருட்டல்ல. மழையில் ஊறிய முகாம் மைதானத்தின் புல்தரையில் இதுவே காரை மாட்டிவிடும். பிடிப்பு இல்லாத டயருக்கு முறுக்குவிசையைக் கூட்டிக் கொடுத்தால் அது புல்லைக் கிழித்துச் சேற்றில் புதையுமே தவிர, வண்டி நகராது.

பிரென்னர் ஏற்றத்துக்கு வருவோம். ஐந்து சதவீதச் சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஏற, என் கணக்குப்படி எஞ்சினிலிருந்து 37 கிலோவாட் அளவு தேவை. எஞ்சினின் உச்சத் திறன் 66 கிலோவாட். தாராளமாக ஏறலாம், ஆனால் ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தைக் குளிர்நீரும் ரேடியேட்டரும் வெளியேற்ற வேண்டியிருக்கிறது; சாதாரண ஓட்டத்தில் அவை சந்திக்காத சுமை இது. இன்ஸ்புருக்கிலிருந்து கணவாய் வரையிலான 800 மீட்டர் உயரத்துக்காக மட்டும் செலவாகும் டீசல் ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகம். மலையுச்சியில் நிறுத்தியதும் எஞ்சினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுவது பழைய டீசல்காரர்களின் வழக்கம். கொதிக்கும் டர்போவுக்குள் நிற்கும் எண்ணெய் கருகிப் படியாமல் இருக்க அது உதவும்.

ஏறும்போது சேர்த்த ஆற்றலை இறங்கும்போது எங்காவது விட்டாக வேண்டும். 2600 கிலோ 800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், குழாய்த் தண்ணீர் 60 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் கணிசமான பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆறு சதவீதச் சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்கினால், அவை போக மீதி 13 கிலோவாட், அதாவது ஆறேழு மின்கெட்டில்கள் ஒரே நேரத்தில் கொதிக்கும் அளவு வெப்பம், எஞ்சின் பிரேக்குக்கும் சக்கர பிரேக்குகளுக்கும் வருகிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்றை அடைக்கும் மூடி உண்டு; ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சின் வெற்றிடத்தை எதிர்த்து உழைத்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்தக் காலத்து டீசல் எஞ்சினில் அந்த மூடியின் வேலை இல்லாததால், அழுத்திய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளி ஆற்றலில் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்துவிடுகிறது. அதனால் டீசல் காரில் இறங்கும்போது இன்னும் ஒரு கியர் குறைவாக வைத்துக்கொள்வது அவசியம்.

கேரவனின் சொந்த பிரேக் வேலை செய்யும் முறை எளிமையும் அழகும் கொண்டது. 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு ஐரோப்பாவில் பிரேக் கட்டாயம். ஆனால் காரிலிருந்து அதற்கு எண்ணெய்க் குழாயோ மின்கட்டளையோ பொதுவாகப் போவதில்லை. கார் வேகம் குறைந்ததும் பின்னாலிருக்கும் கேரவன் தன் உந்தத்தால் காரை முட்டுகிறது. அந்த முட்டலில் இணைப்புத் தண்டு உள்ளே நகர்ந்து, கம்பி வழியாகச் சக்கரங்களின் டிரம் பிரேக்கை இழுக்கிறது. எவ்வளவு பலமாக முட்டுகிறதோ அவ்வளவு பலமாகப் பிரேக் பிடிக்கும். இதன் குறை நீண்ட இறக்கத்தில்தான் தெரியும்: செங்குத்தான சரிவில் எஞ்சின் மட்டும் காரைப் பிடித்து வைத்திருக்கும்போது, கேரவன் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும், டிரம்களும் விடாமல் உரசிச் சூடேறும். டிரம் சூட்டில் விரிந்தால் பிடிப்பு தளரும். இடையிடையே நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர இதற்கு நல்ல வழி இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கேரவனின் பாம்பாட்டத்தைத்தான். லாரி ஒன்று கடந்து போகும்போது அதன் முன்காற்று கேரவனைத் தள்ளிப் பிறகு இழுக்கிறது. கேரவன் குமிழை அச்சாகக் கொண்டு இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. குறைந்த வேகத்தில் டயர்களின் உராய்வு அந்த ஆட்டத்தை உடனே தணித்துவிடும். வேகம் கூடக்கூட இந்தத் தணிப்பு குறைந்துகொண்டே போய், ஒவ்வொரு வண்டித்தொடருக்கும் உரிய ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பூச்சியமாகும்; அதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்ய முயல்வது பெரும்பாலும் தீங்காகவே முடியும், ஏனெனில் அவருடைய கை அரை விநாடி தாமதமாகவே செயல்படும். ஊஞ்சலைத் தவறிய நேரத்தில் தடுக்கப் போய்த் தள்ளிவிடுவது போல அது ஆட்டத்துக்கு ஊட்டம் கொடுத்துவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்கவிட வேண்டும். வேகத்தைக் கூட்டி இழுத்தால் கேரவன் நேராகிவிடும் என்ற பழைய அறிவுரையைத் தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம்.

அந்த ஆபத்தான வேகம் எவ்வளவு என்பதைப் புறப்படும் முன் பொருள்களை அடுக்கும் விதமே பெருமளவு முடிவுசெய்கிறது. தலா 20 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை, கேரவனின் அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் முன்னால் ஒன்றும் அதே அளவு பின்னால் ஒன்றுமாக வைத்தால், எடை சமமாகவே இருக்கும். குமிழின் மேலுள்ள அழுத்தமும் மாறாது. ஆனால் ஆட்டத்தை நிறுத்துவதற்கு எதிராக நிற்கும் நிலைமம் தூரத்தின் இருபடியில் வளர்வதால், அதே பெட்டிகளை அச்சிலிருந்து அரை மீட்டரில் வைப்பதோடு ஒப்பிட்டால் அவை 25 மடங்கு தீமை செய்கின்றன. கனமானவை அச்சின் மேல், தரையோடு தரையாக இருக்க வேண்டும். மூக்கின் அழுத்தம் கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருப்பது நல்லது. நம் கேரவனுக்கு அது 55 முதல் 77 கிலோ, காருக்குக் குறித்துள்ள வரம்பையும் தாண்டக் கூடாது. இணைப்பின் அடியில் ஒரு மரக்கட்டையை நட்டு, அதற்குக் கீழே வீட்டில் எடை பார்க்கும் கருவியை வைத்தால் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

ஜெர்மனியில் டிரெய்லருடன் செல்லும் காருக்குப் பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 100-இல் செல்லும் அனுமதிக்கு, அதிர்வுதாங்கிகள் கொண்ட கேரவனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை காரின் வெற்று எடையில் 0.8 மடங்குக்குள் இருக்க வேண்டும்; ஆட்டத்தைத் தடுக்கும் இணைப்பு இருந்தால் 1.0 மடங்கு வரை செல்லலாம். டயர்களும் ஆறு ஆண்டுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். வெற்று எடை 1250 கிலோ உள்ள நம் காருக்குப் பின்னால் நம் 1100 கிலோ கேரவன் அந்த இணைப்பு இல்லாமல் 100-இல் போக முடியாது. அந்த இணைப்பு 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழை உராய்வுப் பட்டைகளால் இறுகப் பிடித்து, கேரவன் திரும்புவதற்கு எதிர்ப்புக் கொடுக்கிறது. சாதாரண இணைப்பில் குமிழுக்கு கிரீஸ் தடவுவது வழக்கம். இதில் ஒரு துளி கிரீஸ்கூட ஆகாது. புதுக் குமிழ் என்றால் அதன் மேல் பூசியிருக்கும் கறுப்புப் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, வெறும் எஃகு பளபளக்கும் வரை துடைத்த பிறகே கேரவனை மாட்ட வேண்டும்.