புறவாசலில் நீல முட்டை: போட்டது எந்தக் கோழி?

பிசான அறுப்பு முடிந்து வாத்து மந்தை வயலில் இறங்கிவிட்டால், பச்சைச் சாயல் உள்ள முட்டை தாமிரபரணிக் கரை ஊர்களில் யாருக்கும் அதிசயமில்லை. அதே நிறத்தில் ஒரு முட்டை புறவாசல் கூட்டில், வைக்கோல் போட்ட ஓலைப்பெட்டியில், சிறுவிடை நாட்டுக்கோழியின் வெளிர்பழுப்பு முட்டைகளோடு கிடந்தால்தான் வீட்டில் பேச்சு கிளம்புகிறது. அலங்காரக் கோழி வளர்ப்பவர்களிடம் கலப்புக் குஞ்சு வாங்கிவிட்ட வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். போட்ட கோழி எது, அந்தக் குணம் குஞ்சுக்கு இறங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை முட்டை ஓடே வைத்திருக்கிறது.

கூட்டில் வாத்தும் அடைகிறது என்றால் முதலில் அதை விலக்கிவிட வேண்டும். வாத்து முட்டை சிறுவிடை முட்டையைவிடப் பார்த்த உடனே தெரியும்படி பெரியது. ஓடு மெழுகு தடவியதுபோல் வழுவழுக்கும். வாத்து பெரும்பாலும் விடியுமுன்பே தரையில் போட்டுவிடும். கோழி விடிந்தபின் பெட்டி தேடும், போட்ட கையோடு ஊருக்கே கேட்கிற மாதிரி கேறும்.

மஞ்சள்கரு சூலகத்தைவிட்டு நழுவியதிலிருந்து முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ள சுமார் 3 மணி, இரண்டு சவ்வும் போர்த்திக்கொள்ள ஒன்றேகால் மணி. மிச்சம் ஏறக்குறைய 20 மணி நேரமும் முட்டை ஓட்டுச் சுரப்பி என்கிற பையிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து ஓடாவதும், ஓட்டில் நிறம் ஏறுவதும் அங்கேதான். உலகத்தில் உள்ள கோழி முட்டை நிறமெல்லாம் அடிப்படையில் இரண்டே நிறமிகளின் வேலை. பழுப்புக்குப் புரோட்டோபார்பிரின், நீலத்துக்குப் பிலிவெர்டின். இரண்டுமே ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீம் என்ற பொருளுக்கு உறவுக்காரர்கள். அடிபட்டுக் கன்றிப்போன இடம் நாலைந்து நாளில் பச்சையாக மாறுகிறதே, அந்தப் பச்சையும் பிலிவெர்டின்தான். தவிட்டுக்குருவியின் பளிச்சென்ற நீல முட்டைக்கும், அதன் கூட்டில் திருட்டுத்தனமாகச் சுடலைக்குயில் போடுகிற அதே நீல முட்டைக்கும் நிறம் கொடுப்பது இதே பொருள்தான்.

எல்லாக் கோழியின் உடலிலும் பிலிவெர்டின் உண்டு. அதை ஓட்டுச் சுரப்பிக்குள் நிறையக் கொண்டுவந்து கொட்டும் வழி மட்டும் பெரும்பாலான கோழிகளில் இல்லை. நீல முட்டை ஒற்றை மரபணுவால் வருகிறது, அது ஓங்கிய குணம், அதாவது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் குணம் என்பதை மரபியலாளர் ரெஜினால்ட் புன்னெட் 1933-இலேயே சொல்லிவிட்டார். அந்த மரபணு எது என்பது 2013-இல்தான் தெரிந்தது. பழைய வைரஸ் ஒன்றின் துண்டு, முதலாம் குரோமோசோமில் எஸ்எல்சிஓ1பி3 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக ஈரலில் வேலை செய்யும் அந்த மரபணுவை அது ஓட்டுச் சுரப்பியிலும் முடுக்கிவிடுகிறது. இதில் மிக அழகான செய்தி, சிலி நாட்டு மபூச்சே மக்களின் கோழிகளிலும் சீனத்து டோங்ஷியாங், லூஷி கோழிகளிலும் இந்தச் செருகல் தனித்தனியாக நடந்திருக்கிறது என்பது. செருகிய இடம்கூட இரண்டிலும் சற்றே வேறு.

வீட்டுச் சோதனைக்கு அடிப்படை இதுதான்: நீலம், ஓடு கட்டத் தொடங்கியதிலிருந்தே சுண்ணாம்போடு கலந்து படிகிறது. அதனால் ஓடு முழுத் தடிமனுக்கும் நீலம், உள்பக்கமும் நீலம். பழுப்பு பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படுவது. பழுப்பு முட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளை. பச்சை முட்டை என்று தனியாக ஒரு நிறமி கிடையாது. நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. பூச்சு மெலிசாக இருந்தால் இளம்பச்சை, மாரன்ஸ் போலக் கரும்பழுப்பு போடும் இனத்தோடு கலந்தால் ஆலிவ் நிறம்.

சோதனைக்கு, சமைக்க எடுத்த முட்டையின் ஓட்டை அலசி, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்பி முழுதாக உரித்தெடுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: சவ்வோடு பார்த்தால் எல்லா ஓடும் வெள்ளையாகத்தான் தெரியும். உரித்த ஓட்டை வெயில் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல், ஒரு சாதாரணச் சிறுவிடை ஓட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சம் வேண்டாம். கைபேசியில் படம் எடுத்து யாரிடமாவது கேட்பதாக இருந்தால் அந்த வெள்ளைத் தாளும் படத்தில் இருக்க வேண்டும். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்துவிடுவதால், கிரீம் நிற முட்டைகூடப் படத்தில் பச்சையாக வந்து நிற்கும்.

மேல்பூச்சையும் பார்க்கலாம். பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்து ஓட்டின் வெளிப்பக்கத்தில் ஓரிரு நிமிடம் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு பழுப்பு கரைந்து பஞ்சில் ஏறும். அடியில் நீலம் தெரிந்தால் அந்தக் கோழியிடம் நீல மரபணு உண்டு; வெள்ளை தெரிந்தால் இல்லை. நெடுநேரம் ஊறப்போட்டால் ஓடே கரைந்துபோகும். சாயம் தோய்த்த முட்டையை இனவிருத்திக்கென்று விற்கும் ஏமாற்றும் இதில் பிடிபட்டுவிடும். சாயம் மேலே நிற்கும், நுண்துளை வழியாகத் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கியிருக்கும். உள்பக்கம் ஒரே சீரான நீலம் மட்டும் வராது. அடை வைக்க வாங்கிய முட்டையை உடைக்க மனம் வராதுதான். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, ரத்த நாளம் ஓடாத கூமுட்டையை எடுத்து உடைத்துப் பாருங்கள்.

முட்டையைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தே சொல்ல முடியுமா? வெளிநாட்டுக் குறிப்புகள் பட்டாணிக்கொண்டையைப் பார்க்கச் சொல்லும். காரணம் உண்மைதான். நீல முட்டை மரபணுவும் பட்டாணிக்கொண்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில் நெருங்கி இருக்கின்றன; இரண்டும் பிரிந்து போவது நூறில் மூன்று முதல் ஐந்து தடவைதான். நீல முட்டை போடும் இனங்களான அரௌகானா, அமெரௌகானா வழி வந்த குஞ்சில் கொண்டை சிறிதாக, மூன்று வரிசைப் பருக்களாக இருந்தால் நீல மரபணுவும் கூடவே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த விதியை நெல்லைச் சீமைக்கு அப்படியே கொண்டுவந்தால் கெட்டது காரியம். நம் அசில் சேவலுக்கும் பட்டாணிக்கொண்டைதான், பெருவிடையிலும் அந்த ரத்தம் கலந்திருக்கிறது. நீல முட்டையோ கிடையாது. மேலப்பாளையம் சந்தையில் வாங்கிய ஒரு வெடக்கோழிக்குப் பட்டாணிக்கொண்டை இருந்தால் அசில் கலப்பு என்று நினைப்பதே பொருத்தம். எதிர்ப்பக்கமும் உண்டு. கிரீம் லெக்பார் நீல முட்டை போடும் இனம், அதற்கு ரம்பம்போல் நிமிர்ந்த ஒற்றைக்கொண்டை. அந்த வழியில் ஒற்றைக்கொண்டைதான் நீலத்தோடு சேர்ந்து இறங்கும். ஆக, கொண்டை துப்புச் சொல்லும். ஆனால் தாய் தகப்பன் எந்த இனம் என்று தெரிந்தால் மட்டும்.

இனத்தை அடையாளம் காணச் சில உருவக் குறிகள் உதவும். அமெரௌகானாவுக்குக் கன்னத்தில் புசுபுசுவென்ற மயிர், தாடி, சிலேட்டு நிறக் கால். கிரீம் லெக்பாருக்குத் தலையில் சிறு குடுமி. அதன் பெட்டைக்குஞ்சுக்கு முதல் நாளே முதுகில் அணில் கோடு ஓடும், சேவல் குஞ்சுக்குத் தலையில் வெளிறிய பொட்டு. அரௌகானாவுக்கு வால் இருக்காது, காதோரம் இறகுக் கொத்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுக்கொத்து மரபணு இரட்டையாகச் சேர்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். கொத்துள்ள சேவலையும் கொத்துள்ள பெட்டையையும் இணைத்துவிட்டு இன்குபேட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. காது மடல் வெள்ளை, சிவப்பு என்று பார்ப்பது நீலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கடக்நாத் கறுப்புக் கோழி என்பதால் முட்டையும் வேறு நிறம் என்பது வெறும் பேச்சு. அது போடுவது கிரீம் முதல் இளம்பழுப்பு வரைதான்.

ஏழெட்டுக் கோழியில் ஒன்றைப் பிடிக்க, முதலில் முட்டையில் இல்லாதவற்றைக் கழியுங்கள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எச்சத் துவாரத்தின் இரு பக்கமும் கூராக நிற்கும் எலும்பு முனைகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையில் இருக்கிறது. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் அது இல்லை. மிஞ்சியவற்றை அதிகாலையில் தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். முட்டைக்கு 24 மணியைவிடக் கூடுதலாக ஆவதால் ஒரு கோழி நாளுக்கு நாள் தாமதித்துப் போட்டு, பிறகு ஒரு நாள் விட்டுவிடும். எனவே ஒரே நாளில் முடிவு கட்டாமல் மூன்று நாள் பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பஞ்சாரம் வேப்பமர நிழலில்தான் இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர்ச் சட்டி வேண்டும்.

பஞ்சாரம் போதாவிட்டால் நிறம் தடவும் வழி இருக்கிறது. கோழிகள் அடைந்தபின், இரவில், சிவப்பு கேசரிப் பவுடரைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, சந்தேகமுள்ள கோழியின் எச்சத் துவாரத்து ஓரத்தில் விரலால் தடவுங்கள். மறுநாள் முட்டையில் தீற்றல் இருக்கும். பச்சைப் பவுடர் வேண்டாம், பச்சை முட்டையில் அது தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கோழி என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஆள் கிடைத்ததும் காலில் வளையம் போட்டுவிடுங்கள்.

ஒரு கோழி வாழ்நாளெல்லாம் ஒரே நிறக் குடும்பத்தில்தான் போடும். அழுத்தம்தான் ஏறி இறங்கும். தீவனம் மஞ்சள்கருவின் நிறத்தை மாற்றும், ஓட்டின் நிறத்தை மாற்றாது. ஓட்டின் நிறமும் உள்ளே இருக்கும் சத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. தொடர்ந்து முட்டை போடப்போட நிறம் வெளுக்கும், ஓய்வுக்குப் பிறகு திரும்பும். கத்திரி வெயிலில் கோழி வாய் பிளந்து மூச்சிரைக்கும்போது கரியமிலவாயு வெளியேறிவிடுவதால் ஓடே மெலிந்துபோகும். ரத்தக்கழிச்சலுக்குத் தரும் நிகார்பசின் என்ற மருந்து பழுப்புப் பூச்சை வெளுக்கவைக்கும். அப்போது ஆலிவ் முட்டை திடீரென்று நீலச் சாயலுக்குப் போகலாம். கோழி மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். மருந்தும் தராமல், மந்தை முழுக்க ஓடு வெளுத்து நெளிந்து, தும்மலும் கூடவே இருந்தால் அது நோய். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

இனி குஞ்சு. ஓடு தாயின் உடலில் உருவாவது, ஆகவே முட்டை நிறம் தாயைப் பற்றி மட்டுமே பேசும். நீல முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு நீல மரபணு இருந்தாக வேண்டும் என்றில்லை. பழுப்பு முட்டைக் குஞ்சு தகப்பன் வழியாக அதைப் பெற்றிருக்கவும் கூடும். எந்த மரபணுவும் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என இரண்டு பிரதியாக வரும். தாயிடம் நீல மரபணு ஒரு பிரதியில் மட்டும், ஒற்றையாக இருந்து, தகப்பன் சாதாரணச் சிறுவிடைச் சேவலாக இருந்தால், மகள்களில் சராசரியாகப் பாதிப் பேர் இளம்பச்சை போடுவார்கள். தாயிடம் இரட்டையாக இருந்தால் எல்லா மகள்களும் போடுவார்கள். இரட்டை உள்ள கோழியின் நீலம் ஒற்றை உள்ளதைவிட அழுத்தமாக இருப்பதும் வழக்கம்.

சேவல்தான் கடினம், அது முட்டை போட்டுக் காட்டப்போவதில்லை. அதைச் சாதாரணச் சிறுவிடைப் பெட்டைகளோடு மட்டும் விட்டு, மகள்களின் முதல் முட்டையைப் பாருங்கள். ஒரு மகள் வெறும் பழுப்பு போட்டாலும் சேவலிடம் இரட்டை இல்லை என்பது உறுதி. ஐந்து மகளும் நீலமோ பச்சையோ போட்டால் இரட்டை என்று பெரும்பாலும் நம்பலாம். ஒற்றை உள்ள சேவலுக்கு அப்படி அமைவது 32-இல் ஒரு தடவைதான். வெடக்கோழி முட்டைக்கு வர ஆறு மாதம்போல் ஆகும். அதுவரை அந்தச் சேவலின் மகள்கள் எல்லாவற்றுக்கும் காலில் ஒரே நிற வளையம் கிடக்கட்டும். ஒவ்வொன்றின் முதல் முட்டை ஓட்டையும் சவ்வு உரித்து, தேதி எழுதிய தீப்பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள்.