பழைய மேக்ஸி ஸ்கூட்டரின் வயது பெல்ட்டில் தெரியும்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். முதலில் பெயின்ட்டைத் தடவுவார்கள். அடுத்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். கடைசியில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்து, தெரிந்தவர் போலத் தலையை ஆட்டுவார்கள். மோட்டார் சைக்கிளில் இந்தச் சடங்கிலேயே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். மேக்ஸி ஸ்கூட்டர் எனப்படும் 400, 500, 650 சிசி பெரிய ஸ்கூட்டர்களில் பிடிபடாது. அந்த இன்ஜின்கள் பெரும்பாலும் உறுதியானவை. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்திருந்தால் முனகாமல் உழைப்பவை. வண்டியின் உண்மையான வயது இன்ஜினுக்குப் பக்கத்தில், ஒரு மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்க விற்பவர் சம்மதிக்கமாட்டார். ஆனால் திறக்காமலேயே உள்ளே இருப்பதை ஓரளவு அளந்துவிட முடியும்.

இந்த வகை வண்டிகளின் மூதாதை என்று பலர் காட்டுவது 1986இல் வந்த ஹோண்டாவின் 250 சிசி ஸ்கூட்டரை. நீளமாக, தாழ்வாக, சாய்வு நாற்காலி போல இருக்கும். 2001இல் யமஹா டிமேக்ஸ் 500, ஹோண்டா சில்வர் விங் 600, அடுத்த ஆண்டு சுசுகி பர்க்மேன் 650 என்று இன்ஜின்கள் பெருத்தன. இரண்டு சிலிண்டர், 200 கிலோவைத் தாண்டிய எடை, நெடுஞ்சாலை வேகம். ஆனாலும் கியர் மாற்ற லிவர் கிடையாது. அந்த வேலையைச் செய்வதுதான் மூடிக்குள் இருக்கும் சிவிடி, அதாவது படிகளே இல்லாமல் தானாக மாறும் கியர் அமைப்பு.

இரண்டு புல்லிகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். முன் புல்லி இன்ஜினோடு சுழல்கிறது, பின் புல்லி கிளட்ச் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் விலகினால் பெல்ட் நடுவில் பள்ளத்தில் இறங்கும். நெருங்கினால் விளிம்பை நோக்கி ஏறும். முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் இருந்தால் அது முதல் கியர். முன்னால் உயர்ந்து பின்னால் தாழ்ந்தால் அது டாப் கியர். இடையில் எத்தனை கியர் என்று கேட்டால் எண்ணிக்கையே இல்லை. சரிவுப் பாதையில் படிகள் எத்தனை என்று கேட்பது போலத்தான். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இலேயே இந்த ஏற்பாட்டை ஒரு சிறிய காரில் வைத்து அறிமுகப்படுத்தியது.

முன் தட்டுகளை நெருக்குவது யார்? பெரும்பாலான மாடல்களில் கம்ப்யூட்டரோ மோட்டாரோ அல்ல, ஆறோ எட்டோ சிறிய உருளைகள். ரோலர் என்பார்கள். தட்டின் பின்புறம் சரிவான குழிகளில் இவை உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சுற்றச் சுற்ற வெளியே ஓடப் பார்க்கும். சரிவில் ஏறும்போது தட்டைத் தள்ளும். சிறிய உருளைக்கு அவ்வளவு பலமா என்று சந்தேகம் வரலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரோலர் 20 கிராம், மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 6,000 சுற்று. ஒவ்வொரு ரோலரும் ஏறத்தாழ 40 கிலோ பாரத்துக்குச் சமமாக வெளியே தள்ளுகிறது. எட்டு ரோலர் என்றால் 320 கிலோ. இதே ரோலர் 3,000 சுற்றில் 10 கிலோதான் தள்ளும். சுற்று பாதியானால் விசை கால்வாசியாகிறது. சுற்று எண்ணிக்கையை உணர்ந்து கியர் மாற்றும் அறிவு இந்த உலோகத் துண்டுகளுக்கு வந்தது இப்படித்தான்.

பின்னால் ஒரு கனமான ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதோடு இன்னொரு நுட்பம்: பின் தட்டில் சாய்வாக வெட்டிய காடிகள். மேட்டில் ஏறும்போது சக்கரம் சுற்ற மறுக்கும். அந்த முரண்டு தட்டை லேசாகத் திருகும். காடியின் சாய்வு அந்தத் திருகலை நெருக்கலாக மாற்றும். பெல்ட் பின்னால் மேலேறும், கியர் தானாகக் குறையும். இந்தக் காடிகளுக்கு கிரீஸ் தேவை. வறண்டுபோன வண்டியில் ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாயும். ஓட்டிப் பார்க்கும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை சட்டென்று திருகிப் பாருங்கள். இன்ஜினின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரின் முள் உடனே எகிற வேண்டும்.

சரி, அளவெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவம். அதன் இரு பக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 28 டிகிரி கோணம். அந்தப் பக்கச் சுவர்கள்தான் தட்டுகளைக் கவ்வுகின்றன, அதனால் தேய்வதும் அவைதான். பெல்ட்டின் அகலம் 1 மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று தோன்றலாம். அந்தக் கோணத்தில் 1 மில்லிமீட்டர் அகலக் குறைவு என்பது 2 மில்லிமீட்டர் ஆரக் குறைவு. தட்டுகள் முழுக்க நெருங்கிவிட்ட பிறகும் பெல்ட் முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறாது. முன்னால் விட்ட தளர்வைப் பின் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். அங்கே ஆரம் அதே அளவு கூடும்.

ஓர் உதாரணம். புதிய பெல்ட்டில் டாப் நிலையில் முன் ஆரம் 72 மில்லிமீட்டர், பின் ஆரம் 54 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 1.33. ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் 70, 56, விகிதம் 1.25. முன்பு 5,000 சுற்றில் போன அதே வேகத்துக்கு இப்போது 5,330 சுற்று வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் ஆர்பிஎம் மீட்டரே வெர்னியர் காலிபராக மாறிவிடுகிறது!

இதைப் பயன்படுத்தச் சில நிபந்தனைகள் உண்டு. சமதளச் சாலையில், சீரான வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்தபடி பார்க்க வேண்டும்; அப்போதுதான் தட்டுகள் முழுக்க நெருங்கியிருக்கும். வேகத்தை ஃபோனின் ஜிபிஎஸ் காட்டுவதிலிருந்து எடுங்கள். ஸ்பீடோமீட்டர்கள் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பின் டயர் தேய்ந்திருந்தாலும் சுற்று கூடும், ஆனால் சிறிதளவே: 29 சென்டிமீட்டர் ஆரத்தில் 5 மில்லிமீட்டர் தேய்மானம் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதே மாடலில் பெல்ட் புதிதாக மாற்றிய வண்டி எத்தனை சுற்றில் ஓடுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போனால் ஒப்பிட்டுவிடலாம். 6 சதவீதம் அதிகமாக இருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. பெல்ட்டாகவும் இருக்கலாம், ஒரு பக்கம் தட்டையாகிப்போன ரோலராகவும் இருக்கலாம். எதுவானாலும் மூடியைத் திறந்தாக வேண்டும். விலை பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

இந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பர்க்மேன் 650இல் ரோலர்களே இல்லை. தட்டை நகர்த்துவது மின் மோட்டார், பெல்ட்டும் சாதாரண ரப்பர் பெல்ட் அல்ல. ஹோண்டா எக்ஸ்-ஏடிவியில் இருப்பது நிஜமான கியர்கள், இரட்டை கிளட்ச். இன்னொரு குழப்பமும் உண்டு. 2012 முதல் வந்த டிமேக்ஸில் பின் சக்கரத்துக்கு வெளியே தெரியும்படி ஒரு பல் பெல்ட் ஓடுகிறது. அதற்கு முந்தைய டிமேக்ஸில் அந்த வேலையை மூடிக்குள் ஆயிலில் ஓடும் சங்கிலி செய்தது. “பெல்ட் மாற்றியாயிற்று” என்று விற்பவர் சொன்னால் எந்த பெல்ட் என்று கேளுங்கள். சிவிடி பெல்ட்டுக்குப் பல மாடல்களில் 20,000 முதல் 25,000 கிலோமீட்டர் வரை ஆயுள் குறித்திருக்கிறார்கள். 24,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை அவசரமாக விற்க வருகிறவரிடம் எனக்குக் கோபமில்லை. காரணம் புரிகிறது, அவ்வளவுதான்.

குறைந்த வேகத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. நின்ற இடத்திலிருந்து நகரும்போது, 10, 15 கிலோமீட்டர் வேகத்துக்குள், வண்டி நடுங்கினால் கிளட்ச் ஷூக்கள் பளபளத்துக் கெட்டித்துப் போயிருக்கின்றன, அல்லது அவை உரசும் டிரம் சூட்டில் கோணியிருக்கிறது. பிரேக்கை விட்டதும், ஆக்சிலேட்டர் தொடாமலேயே வண்டி முன்னே ஊர்ந்தால் ஷூக்களை உள்ளே இழுத்துப் பிடிக்கும் சிறிய ஸ்பிரிங்குகள் களைத்துவிட்டன, அல்லது ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகம், அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது.

இன்ஜினைப் பற்றி ஒன்றே ஒன்று. போனதும் அதைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் புகையையோ சத்தத்தையோ விற்பவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வருடத்தில் 6,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ரப்பர் முழுக்கப் பத்து வயதுதான். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கெட்டியான ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. கனமான ஸ்கூட்டருக்கு இது சின்ன விஷயமல்ல. நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்துப் பிடிக்கும் வசதி பெரும்பாலான மாடல்களில் இல்லை, பாரம் முழுக்க பிரேக்குகள் மேல்தான்.

பிளாஸ்டிக் பாகங்களின் ஓரங்களையும் பாருங்கள். வால்வு இடைவெளி பார்க்கக்கூடப் பல பேனல்களைக் கழற்ற வேண்டிய வண்டிகள் இவை. உடைந்த கொக்கிகள், வேறு வேறு தலையுள்ள திருகுகள், இரண்டு பேனல்களுக்கு நடுவே சமமில்லாத இடைவெளி எல்லாம் சேர்ந்து, விழுந்ததையோ பொறுமையில்லாத கைகளையோ காட்டிக்கொடுக்கும். சர்வீஸ் புத்தகத்தைவிட நான் இவற்றைத்தான் நம்புவேன்.

வாங்கிய பிறகு செய்யும் வேலைகளில் இரண்டை எல்லோரும் மறக்கிறார்கள். ஒன்று, பின் சக்கரத்துக்கு அருகில் இருக்கும் கியர் ஆயில். பல மாடல்களில் அது இன்ஜின் ஆயிலோடு சேர்ந்ததல்ல, கால் லிட்டர் அளவில் தனியாக இருக்கும். இன்னொன்று சிவிடிக்கான காற்று ஃபில்டர். உராய்வால் பெல்ட் சூடாகிறது. அதைக் குளிர்விக்க புல்லியின் துடுப்புகளே வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. அந்தக் காற்று வரும் வழியில் பல மாடல்களில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு இருக்கும். அது தூசியில் அடைத்துக்கொண்டால் பெல்ட் தன் சூட்டிலேயே வெந்து, கெட்டித்து, உள்பக்கப் பற்களின் அடியில் வெடிக்கும். இன்ஜின் ஆயிலிலும் ஓர் எச்சரிக்கை. கிளட்ச் வறண்டு ஓடும் ஸ்கூட்டர்களுக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தில் வழுக்கல் அதிகமான எம்பி வகை பொருந்தும். டிமேக்ஸ் போல ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ளவற்றுக்கு எம்ஏ வகைதான் வேண்டும். அவற்றில் எம்பி ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

பெல்ட் மாற்றுவதை நானே செய்து கற்றுக்கொண்டேன். முதல் முறை சரியாக வரவில்லை. மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்பு மாவு. தேய்ந்த ரப்பர், ஷூ தூள். துடைத்தேன். ரோலர்களைக் கையில் உருட்டிப் பார்த்தேன். மூன்றில் நகம் அளவுக்குத் தட்டையான முகம். தட்டுகளை எண்ணெய் படாமல் சுத்தம் செய்து, ரோலர்களை மாற்றி, பெல்ட்டின் அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும்படி பொருத்தி, முன் புல்லியின் நடு நட்டை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். டிக் என்று சத்தமும் வந்தது. பத்து நிமிடம் அருமையாக ஓடியது. அப்புறம் டப்பாவில் கல் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். நட்டு தளர்ந்து, வெளித் தட்டு தண்டின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நட்டை இறுக்கும்போது பெல்ட் முன் தட்டுகளுக்கு நடுவே நசுங்கியிருந்தது. ரெஞ்ச் அளந்தது உலோகம் உலோகத்தில் அமர்ந்த இறுக்கத்தை அல்ல, ரப்பரின் எதிர்ப்பை. இன்ஜின் சுற்றியதும் பெல்ட் தன் இடத்துக்கு நகர்ந்தது. அது விட்ட இடைவெளியில் நட்டு தளர்ந்தது. சரியான முறை எளிது. முதலில் பின் புல்லியின் தட்டுகளைக் கையால் பிரித்து, பெல்ட்டை அங்கே நன்றாகப் பள்ளத்தில் அமுக்க வேண்டும். அப்போது முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அந்தத் தளர்வு இருக்கும்போதே நட்டை இறுக்கி, பெல்ட் விரலுக்கு ஆடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு இன்ஜினைக் கையால் சில சுற்று சுற்றினால் பெல்ட் தானாக மேலேறி நிற்கும்.

இப்போதெல்லாம் நட்டின் மேல் தொடங்கித் தண்டின் முனை வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மூடியை ஒருமுறை திறந்து, கோடு முறியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நீண்ட பயணம்.