"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நான் ஏன் விட்டேன்

பல வருடங்களாக எல்லா வகுப்பையும் ஒரே கேள்வியோடுதான் முடித்தேன். "புரிஞ்சுதா?" முன்வரிசையில் நாலைந்து தலைகள் ஆடும். பின்வரிசையில் நோட்டை மூடும் சத்தம் கேட்கும். சரி, புரிந்துவிட்டது என்று போர்டை அழித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். நியூட்டன் விதிகள் முடிந்து, கணக்குகளும் போட்டு முடித்த ஒரு நாள் கையிலிருந்த சாக்பீஸை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன். "கையை விட்டுப் போன பிறகு, மேலே போய்க்கொண்டிருக்கும்போது இதன் மேல் என்னென்ன விசை இருக்கிறது? காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஈர்ப்பு விசை மட்டும்தான் என்றால் ஒரு விரல். ஈர்ப்பு விசையோடு கை கொடுத்த விசையும் இருக்கிறது என்றால் இரண்டு விரல்."

சரியான விடை ஒரு விரல். வகுப்பில் பாதிக்கு மேல் இரண்டு விரல். முந்தின வாரத் தேர்வில் இதே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, "மேலே போகுதே மேம், எதுவும் தள்ளாம எப்படிப் போகும்?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. வண்டியைத் தள்ளினால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து உறுதிப்பட்ட எண்ணம் அது. அதன் மேல் நான் நியூட்டனை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். தேர்வுக்கு நியூட்டன், மனதுக்குள் பழைய எண்ணம் என்று இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பது ஒரு ஆறுதல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர், நல்ல ஆசிரியர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். அவர் 1990 வாக்கில் இதே மாதிரி எளிய கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, இல்லை நான் நிஜமாக நினைப்பதை எழுதவா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

நான் இப்போது செய்வது பெரும்பாலும் அவர் வழிதான். பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவேன். அப்புறம் ஒரு கேள்வி. ஒரு நிமிடம் யாரும் யாரிடமும் பேசக் கூடாது, தனியாக யோசித்து விரல் காட்ட வேண்டும். பெரும்பாலோர் சரியென்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரும்பாலோர் தப்பென்றால் நான் நடத்தியதில்தான் கோளாறு, திரும்பச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி பிரிந்து நின்றால்தான் வகுப்பு களைகட்டும். "வேற பதில் சொன்னவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களான்னு பாருங்க. உங்க பதில்தான் சரின்னு அவங்களை நம்ப வையுங்க." பிறகு மறுபடி விரல்.

சாக்பீஸ் கேள்வியை அடுத்த வருடம் இப்படிக் கேட்டபோது நடுவரிசையில் இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன்.

"கை இப்ப எங்க இருக்கு?"

"கீழ."

"சாக்பீஸைத் தொடுதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தள்ளும்?"

சற்று நேரம் பேச்சில்லை. "அப்ப எது மேலே கொண்டுபோகுது?"

"ஏற்கனவே வேகம் இருக்குல்ல? அது கொஞ்சம் கொஞ்சமா குறையுது. குறைக்கிறதுதான் ஈர்ப்பு."

நாற்பது நிமிடம் பேசியும் நான் இவ்வளவு எளிமையாகச் சொன்னதில்லை. ஐந்து நிமிடம் முன்புதான் புரிந்துகொண்டவளுக்கு எந்த இடத்தில் முட்டியது என்பது நினைவிருக்கும். எனக்கு அது மறந்து பல வருடமாயிற்று.

இந்த முறையில் கஷ்டம் நல்ல கேள்வியைத் தயாரிப்பதில் இருக்கிறது. தப்பான விடை முட்டாள்தனமாக இருந்தால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். மாணவர்கள் உண்மையில் நினைக்கும் தப்பே ஒரு விடையாக நிற்க வேண்டும். அதற்குப் பழைய விடைத்தாள்களைவிட நல்ல சுரங்கம் இல்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடத்தை மாணவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து செமினார் எடுக்கச் சொல்லிவிட்டு, ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வது மாணவர் மையக் கற்பித்தல் என்று பல இடங்களில் நடக்கிறது. ஸ்லைடைப் பார்த்து ஒருவர் வாசிக்கிறார், மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள். வாசிக்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். குழு அசைன்மென்ட்டும் அப்படித்தான்: ஐந்து பெயர், ஒரு கையெழுத்து. தனியாக யோசிப்பதற்கு நேரம் கொடுக்காமல் நேரே குழுவில் விட்டால், சத்தமாகப் பேசுகிறவரின் பதில்தான் குழுவின் பதிலாகும். ஆசிரியருக்கு இதில் வேலை குறைவதே இல்லை. நான் முன்பைவிட அதிகமாக நடக்கிறேன், அதிகமாகக் காது கொடுக்கிறேன்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் பழக வேண்டிய ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். முதல் சில வாரம் அந்த ஐந்து, ஐம்பது போல இருந்தது.

சக ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "போர்ஷன் எப்படி முடியும்?" நியாயமான கேள்விதான். முழுவதையும் வகுப்பில் பேசி முடிக்க எனக்கு நேரம் போதவில்லை. நீளமான நிரூபணங்களை வீட்டில் படித்துவர விட்டுவிட்டேன், வந்ததும் இரண்டு சின்னக் கேள்வி. முன்பு போர்ஷனை முடித்தது நான்தான், வகுப்பு அல்ல என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆதாரம் கேட்பவர்களுக்கு: அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014இல் வெளிவந்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களைச் செய்யவைத்துக் கற்பித்த வகுப்புகளில் அது 21.8 சதவீதம்.

ஆனால் வகுப்பில் என்ன செய்தாலும் கேள்வித்தாள் மாறாவிட்டால் எல்லாம் வீண். "நியூட்டனின் மூன்று விதிகளைக் கூறி விளக்குக" என்று கேட்டால் மாணவர் மனப்பாடம்தான் செய்வார், செய்யவும் வேண்டும். அவர்கள் கெட்டிக்காரர்கள். நாம் வகுப்பில் என்ன சொல்கிறோம் என்பதைவிட எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்பதை வைத்துத்தான் நம்மை எடைபோடுகிறார்கள். நோக்கம், வகுப்பில் நடக்கும் வேலை, தேர்வு மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று கல்வி ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1990களிலேயே எழுதிவிட்டார். முழுத் தாளையும் மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. இன்டர்னல் தேர்வில் ஒரு கேள்வியை மட்டும் மாற்றினேன்: ஒரு தப்பான விடையைக் கொடுத்து, இதை எழுதியவர் எங்கே, ஏன் சறுக்கினார் என்று எழுதச் சொல்வேன். அந்த ஒரு கேள்விக்காகவே வகுப்பில் அவர்கள் கேட்கும் விதம் மாறியது.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் மையக் கற்பித்தலைப் பற்றி எங்களுக்கு ஒரு முறை பயிற்சி நடந்தது. மூன்று மணி நேரம், முழுக்க ஸ்லைடு, ஒரு கேள்விகூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அதைவிட முக்கியம், ஆசிரியரைப் பற்றி மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்களே முயன்று கற்ற வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்க சுகமாக இருக்கிறது. மூளை முட்டி மோதுவது சுகமாக இருப்பதில்லை. எனக்கும் முதல் பருவத்தில் "மேம் பாடமே நடத்துவதில்லை, கேள்விதான் கேட்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து என்னை எடைபோட்டிருந்தால் அப்போதே பழைய வழிக்குத் திரும்பியிருப்பேன். இப்போது பருவத்தின் முதல் வகுப்பிலேயே இதை ஏன் செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். புகார் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

"புரிஞ்சுதா?" இருந்த இடத்தில் இப்போது ஒரு துண்டுச் சீட்டு. கடைசி இரண்டு நிமிடம், பெயர் வேண்டாம், இன்றைக்கு எது குழப்பியது என்று ஒரு வரி. பெரும்பாலும் நான் எதிர்பார்த்த இடமாக இருக்காது. ஒரு சீட்டில், "நீங்க 'இது ரொம்ப ஈஸி'ன்னு சொன்ன இடம்" என்று இருந்தது. யார் எழுதியது என்று தெரியாது, தேடவும் இல்லை. அந்த வார்த்தை மட்டும் இப்போது வாயில் வருவதில்லை. சீட்டை வாங்கிவிட்டு மறுநாள் அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் மூன்றாம் வாரமே வெற்றுத் தாள்தான் வரும். அதனால் அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அதற்குத்தான்.